நாரத்தந்தோலில் விழுந்த உப்பு

அந்த வியாழக்கிழமை பின்னேரம் நான் தோட்டத்தால் வந்து குசினிக்குள் எட்டிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பெரிய பேசின் ஒன்று வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது. துணியைத் தூக்கினேன். நெருப்புக்குச்சித் தடிப்பில் வெட்டிய நாரத்தந்தோல் தண்ணீரில் மிதந்தது. நடுவில் சீலைத் துண்டில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். பக்கத்தில் மூடி போட்ட சட்டிக்குள் பிழிந்த சாறு.

பிள்ளைகள், மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தீர்கள். மகள், உனக்கு அப்போது ஒன்பது வயது. விடியற்காலையில் மண்ணுக்குள் விதை பொறுக்கியது உனக்கு ஞாபகம் இருக்கும். தம்பி, உனக்கு நாலு வயது, உனக்கு ஒன்றும் தெரியாது. அன்றைக்கு ஏன் அப்படி ஓடித் திரிந்தோம் என்பதை நாங்கள் உங்களுக்குச் சொன்னதே இல்லை. பிழை விட்டது நான். அதனால் நானே எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்தில் பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

அது பசளை கிடைக்காமல், மோட்டருக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் இருந்த காலம். நம்முடைய வெங்காயம் தண்ணீர் காணாமல் தாள் மடிந்து போயிற்று. உரும்பிராயில் அந்தப் போகம் கை சுடாத ஆள் இல்லை. அடுத்த போகத்துக்கு மண்ணைக் கொத்துவதா விடுவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா ஒரு முடிவு எடுத்துவிட்டார். வெளிநாட்டில் ஒரு வீட்டில் சமைத்துத் துப்புரவு செய்யும் வேலை. இரண்டு வருடம். கணவன் சம்மதம் என்று ஒரு தாள் வந்தது. அம்மா அதை என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. உழைத்துக் கொண்டுவர வக்கில்லாதவன் எந்த வாயால் மறிப்பது என்று நினைத்தேன். ஏஜென்சிக்காரப் பொடியன் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து அம்மாவைப் பாஸ்போட்டோடு தங்கள் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

இதற்கிடையில்தான் அந்த விடுதிக்கார அன்ரி வந்தார். யாழ்ப்பாணம் ரவுனில் ஒரு சின்ன விடுதி நடத்துகிறவர். வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வருகிற நம்மவர்கள்தான் அங்கே தங்குவார்கள். காலைப் பாணுக்குப் பூச அவர்களுக்கு மாமலேட் வேண்டுமாம். நாரத்தைச் சாதியான தோடம்பழத்தின் தோலைப் போட்டுக் காய்ச்சும், கசப்பும் இனிப்புமான ஒரு ஜாம். அந்த நாட்களில் வெளிநாட்டுப் போத்தல்கள் கடைக்கு வருவது நின்றுபோயிருந்தது. முருங்கைக்காயும் முட்டையும் கொண்டு போய்க் கொடுக்கிற உங்கள் அம்மாவிடம் அவர் கேட்டிருக்கிறார், வீட்டில் நாரத்தை நிற்கிறதே, செய்து பார்க்க ஏலாதோ என்று. செய்முறையைத் தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறார். சரியாக வந்தால் ஒவ்வொரு கிழமையும் எடுப்பாராம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தானே வந்து ருசி பார்ப்பாராம்.

பத்து மணிக்கு அன்ரி. பன்னிரண்டு மணிக்கு ஏஜென்சி. அந்த வரிசையை ஒழுங்கு செய்தது உங்கள் அம்மா. ஏன் அப்படி ஒழுங்கு செய்தார் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் அந்தத் தாளை எடுத்து வாசிக்கவில்லை.

வாசித்திருந்தால் பேசினில் கை வைத்திருக்க மாட்டேன். ஜாம் என்றால் சாற்றிலும் சதையிலும் காய்ச்சுவது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்திருந்தேன். சாறு சட்டியில் பத்திரமாக இருந்தது. ஆகவே இந்தத் தோல் ஊறுகாய்க்கு என்று முடிவு கட்டினேன். பிறந்த நாள் முதல் வெட்டின நாரத்தங்காயை நான் வேறொன்றுக்கும் கண்டதில்லை. அதைத் தண்ணீரில் ஊற விட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாவம், தலைக்குள் ஆயிரம் யோசனை, மறந்திட்டா என்று நினைத்துத் தண்ணீரைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினேன். இரண்டு கை நிறையக் கல்லுப்பு அள்ளிப் போட்டு நன்றாகப் பிசறினேன். மஞ்சள் தூளும் தேடினேன். டப்பா கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்தேன். பழத்தின் உள்தோலும் விதையும். உள்தோலைக் குப்பைக் கிடங்கில் கொட்டினேன். விதைகள் நல்ல திரட்சியாக இருந்தன. தோட்டக்காரனுக்கு விதையை எறிய மனம் வராது. மிளகாய் நாற்றுமேடையில் ஒரு ஓரம் வெறுமையாகக் கிடந்தது. விரலால் குழி போட்டு அவ்வளவையும் நட்டு, ஒரு வாளி தண்ணீரும் தெளித்தேன். பேசினைப் பழையபடி துணியால் மூடினேன். அவவுக்கு ஒரு உதவி செய்துவிட்டேன் என்று மனத்துக்குள் ஒரு திருப்தி வேறு.

மகள், தம்பியோடு போய் உன்னை ரியூசன் வகுப்பால் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, மூடின துணியைப் பார்த்தார். திறக்கவில்லை. விடியும் வரை ஊற வேண்டும் என்றுதானே தாளில் இருந்தது.

வெள்ளி விடிய ஐந்து மணி இருக்கும். அடுப்புக்கு நான் பனைமட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் இருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. அதுதான் என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அம்மா பேசினுக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒரு தோல் துண்டு வாயில்.

"இதுக்கை ஆர் கை வைச்சது?"

"நான்தான். உப்புப் போட மறந்திட்டீர் எண்டு..."

"தண்ணி எங்கை?"

"வாழையடியிலை ஊத்திப்போட்டன்."

"விதைப் பொட்டலம்?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "நட்டுப்போட்டன்."

"என்னது?"

"நாத்துமேடையிலை. நல்ல விதையாக் கிடந்தது."

அம்மா சிரிப்பார் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து, சீனி டின்னுக்குக் கீழே வைத்திருந்த தாளை எடுத்து என் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். பென்சில் எழுத்து. தோல்தான் ஜாம். தண்ணீரையும் கொட்டக்கூடாது. விதையில்தான் பசை இருக்கிறது, அதில்தான் ஜாம் இறுகும். வாசித்து முடிக்கும்போது எனக்கு வேர்த்துவிட்டது.

"மரத்திலை இனி ஒரு காய் இல்லை," என்றார். "சங்கக்கடையிலை அரை நாள் நிண்டு வாங்கின சீனி அது. இப்ப நான் எதை எடுத்துக் காய்ச்ச?"

"தெரியாமல் செய்துபோட்டன்."

"தெரியாமலோ? வேணுமெண்டு செய்தனீங்களோ?"

"நான் ஏன் வேணுமெண்டு செய்யிறன்?"

"நான் போறது உங்களுக்கு விருப்பம்தானே. தாளை நீட்டினவுடனை கையெழுத்து வைச்சனீங்கள். பேனை எங்கை எண்டு மட்டும்தான் கேட்டனீங்கள். வேறை ஒரு சொல்லுக் கேட்டனீங்களே?"

மாவரிக்கிற அரிதட்டை எடுத்துக்கொண்டு நாற்றுமேடைக்குப் போனேன்.

செம்மண்ணுக்குள் நனைந்த நாரத்தை விதையைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். விதையும் மண் நிறம், கல்லும் மண் நிறம். முதல் நாள் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கியும் வைத்திருந்தேன். கையால் கிண்டினேன். மிளகாய் நாற்று இரண்டு வரிசை வேரோடு பிடுங்குப்பட்டது. பார்க்க நேரம் இல்லை. மண்ணை அள்ளி அரிதட்டில் போட்டு வாளித் தண்ணீரில் அலசினேன். அப்போதுதான் மகள், நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாய்.

"அப்பா, என்ன செய்யிறியள்?"

"நேற்று நட்ட விதையைப் பொறுக்கிறன். நீயும் இரு, பிள்ளை."

"நேற்றுத்தானே நட்டனீங்கள்?"

"ஓம். இண்டைக்குப் பிடுங்கிறன்."

"ஏன்?"

"அம்மாவுக்குத் தேவை."

நீ அதற்குமேல் கேட்கவில்லை. என் பக்கத்தில் குந்தி, "உது கல்லப்பா, உதுதான் விதை," என்று என் கையில் இருந்ததையே எனக்குத் திருத்தினாய். சூரியன் தென்னைக்கு மேலே வரும்போது ஒரு தேநீர்க் கோப்பை நிறைய விதை சேர்ந்தது. நட்டதில் பாதிதான் இருக்கும். மிச்சத்தை மண் விடவில்லை.

நாங்கள் குசினிக்கு வந்தபோது அம்மா சும்மா இருக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் தோலை நாலு தரம் கழுவி, ஒரு தரம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாம் தரம் அடுப்பில் வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் கோப்பையை வாங்கினார். விதையைக் கழுவிப் புதுத் துணியில் கட்டிச் சட்டிக்குள் போட்டார்.

"எரியுங்கோ," என்றார். அவ்வளவுதான்.

எரித்தேன். பனைமட்டை சுள்ளென்று பிடித்து எரியும், ஆனால் நிற்காது. அதனால் சிரட்டையும் இடைக்கிடை வைத்தேன். மணி எட்டரை. தோல் கண்ணாடி மாதிரி வந்தது. நசித்தால் நசிந்தது. இனிச் சாற்றையும் சீனியையும் போட வேண்டும். அம்மா சீனி டின்னைக் கையில் எடுத்தார், திறக்காமல் நின்றார். தோலில் உப்பு இருந்தால் சீனியும் போய்விடும்.

ஒரு துண்டை எடுத்து ஊதி என்னிடம் நீட்டினார். மென்றேன்.

"உப்பு இல்லை."

"உங்கடை நாக்கை ஆர் நம்பிறது? கஞ்சிக்கே மேலாலை உப்புத் தூவிற ஆள்." உன் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. பொய் சொல்லக்கூடாது."

நீ கண்ணை மூடிக்கொண்டு மென்றாய். அப்பாவைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் சட்டியைப் பார்த்தாய். "கொஞ்சம் இருக்கு," என்றாய். "கொஞ்சம்தான்."

அம்மா இன்னொரு தரம் தண்ணீர் மாற்றினால் நேரம் போதாது. மாற்றாவிட்டால் உப்பு. டின்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை இப்போதும் என்னால் மறக்க முடியாது. கண் கலங்கியிருந்தது, புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அடுப்பு வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீர் போகாதையும்."

"என்ன?"

"வெளிநாட்டுக்குப் போகவேண்டாம் எண்டுறன். கையெழுத்து வைக்கேக்கையே சொல்ல நினைச்சனான். மறிக்க எனக்கு என்ன முகம் இருக்கு எண்டு பேசாமல் இருந்திட்டன்."

அம்மா டின்னை நெஞ்சில் இருந்து இறக்கினார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ரெண்டு மாசம் எடுத்திருக்கு," என்றார். டின்னைத் திறந்து சீனி முழுவதையும் கொட்டினார்.

அதன்பிறகு நடந்தது ஒரு போர். சீனி கரைந்து பொங்கி மேலே வந்தது. அம்மா அகப்பையால் அடக்கினார். "இழுங்கோ நெருப்பை!" என்றால் இழுத்தேன். "வையுங்கோ!" என்றால் வைத்தேன். இறுகிவிட்டதா என்று பார்க்கக் குளிர்ந்த கோப்பையில் ஒரு சொட்டு விட வேண்டும் என்று தாளில் இருந்தது. நம்மிடம் குளிரூட்டிப் பெட்டி இல்லை. கிணற்றில் புதிதாக அள்ளின வாளித் தண்ணீரில் ஒரு சில்வர் தட்டை மிதக்க விட்டோம். அம்மா அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினார். தண்ணீர் மாதிரி ஓடியது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு சொட்டு. அதுவும் ஓடியது. பாதி விதை மண்ணுக்குள் கிடந்தது, எப்படி இறுகும்?

நாலாம் சொட்டை விட்டபோது படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

அன்ரி நேராகக் குசினி வாசலுக்கே வந்துவிட்டார். இருக்கக் கதிரை கொண்டுவரட்டா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தட்டில் கிடந்த சொட்டை விரலால் தள்ளினார். மேலே ஒரு மெல்லிய ஆடை சுருங்கியது, ஆனால் ஓரத்தால் வழிந்தது. விரலை நக்கினார். திரும்பவும் தொட்டு நக்கினார். நானும் அம்மாவும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பிள்ளை, இதிலை உப்பு விழுந்திருக்கு."

"ஓம் அன்ரி. என்ரை கை தவறிப் போச்சு," என்றார் அம்மா.

விடியத்தொட்டு அடுப்படியில் வேகிற ஆள், என் பிழையைத் தன் தலையில் போடுகிறார். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அவவின்ரை கை இல்லை. என்ரை கை. ஊறுகாய்க்கு எண்டு நினைச்சு நான்தான் உப்புப் போட்டனான். விதையையும் நட்டுப்போட்டன்."

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நட்டதோ?"

"ஓம். பிறகு கிண்டி எடுத்தது."

அவர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாரத்தங்காயைக் கண்டால் எங்கடை ஆக்களின்ரை கை சும்மா இருக்காது எண்டு நான் யோசிச்சிருக்கவேணும். அந்தத் தாளிலை முதல் வரியா உப்புப் போடாதேங்கோ எண்டு எழுதாதது என்ரை பிழை."

சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. "ஆனால் பிள்ளை, இதை நான் மேசையிலை வைக்கேலாது. இளக்கமாக் கிடக்கு. உப்பும் தெரியுது. குறை நினைக்காதை."

அம்மா தலையாட்டினார். அகப்பையைச் சட்டி விளிம்பில் வைத்தார்.

"தோல் வெட்டினது வடிவு. நான் கண்ட மட்டிலை இவ்வளவு ஒழுங்கா ஆரும் வெட்டேல்லை. என்ரை வளவிலையும் புளித்தோடை மரம் நிக்குது. திங்கட்கிழமை ஓட்டோவிலை பழமும் சீனியும் அனுப்பிவிடுறன். செய்து பாருங்கோ. எடுப்பன் எண்டு இப்ப சொல்லமாட்டன். சரிவந்தால் எடுப்பன், வராட்டி இல்லை."

ஓட்டோ போய்விட்டது. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பாஸ்போட் அலுமாரிக்கு மேலே பொலித்தீன் பையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம்.

அம்மா ஜாமைப் போத்தல்களில் ஊற்றி வைத்து, குளித்துவிட்டு வந்து நல்ல சீலை ஒன்று உடுத்தார். பாஸ்போட் பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். காலையில் சொன்னது பிந்திவிட்டது என்று நினைத்தேன். வாசலில் போய் நின்றேன். நீங்கள் இரண்டு பேரும் சட்டியை வழித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அன்ரி ஒண்டும் நிச்சயமாச் சொல்லேல்லை," என்றார் அம்மா உள்ளேயிருந்து.

"ஓம்."

"வெங்காயமும் இல்லை. மிளகாய் நாத்தையும் பிடுங்கிப்போட்டியள்."

"ஓம்."

"பிறகு எதை நம்பிப் போகவேண்டாம் எண்டுறியள்?"

எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "நம்பிறதுக்கு ஒண்டும் இல்லை," என்றேன். "ஆனால் போகவேண்டாம்."

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வான் வந்து ஹோண் அடித்தது. பொடியன் இறங்கி வந்தான். நான் படலையைத் திறக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, அக்கா வெளிக்கிட்டாவோ?"

"அவ வரேல்லைத் தம்பி."

"என்ன அண்ணை பகிடியோ? நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஓம். நான்தான் வைச்சனான். இப்ப நான்தான் வேண்டாம் எண்டுறன்."

"இந்த இடம் போனால் பிறகு கிடைக்காது. நான் மேலிடத்துக்கு என்ன சொல்றது?" அவனுடைய குரல் ஏறியது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அக்கா, நீங்களே சொல்லுங்கோ. உவர் ஏதோ கதைக்கிறார். வாறியளோ, இல்லையோ?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. நல்ல சீலை உடுத்தது எனக்குத் தெரியும். பின்னால் கதவு கிறீச்சிட்டது.

"நான் வரேல்லைத் தம்பி," என்றார் அம்மா. "அடுப்பிலை வேலை கிடக்கு."

அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. நெருப்பு அணைந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. சட்டியை நீங்கள் வழித்து முடித்துவிட்டீர்கள். பொடியன் என்னை ஒரு தரம், அம்மாவை ஒரு தரம் பார்த்தான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வானில் ஏறினான். படலையில் இருந்து என் கையை எடுக்கும்போது விரல்கள் விறைத்திருந்தன.

"பிறகேன் நல்ல சீலை?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வாற மனிசனை அடுப்புக்கரிச் சீலையோடை நிண்டோ திருப்பி அனுப்பிறது?" என்றார்.

திங்கட்கிழமை அன்ரி சொன்னபடி பழம் அனுப்பினார். அந்தத் தரம் காய்ச்சியது அளவுக்கு மீறி இறுகிக் கல்லாகிவிட்டது. அவர் எடுக்கவில்லை. அடுத்த தரம் கசப்புக் கூடிவிட்டது. மூன்றாம் தரம்தான் ஆறு போத்தல் எடுத்தார். இடையில் போன அந்தக் கிழமைகளை நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்பது வேறு கதை. நீர்வேலியில் வாழைக்குலை வெட்டும் கூலி வேலைக்கு நான் போனது உங்களுக்குத் தெரியும்.

உப்பு விழுந்த அந்த முதல் ஜாமை எறியவில்லை. ஒரு மாதம் பாணில் பூசி நீங்கள்தான் சாப்பிட்டீர்கள். தம்பி, நீ அதுதான் ஜாமின் ருசி என்று பழகிவிட்டாய். பிறகு நல்லது வந்தபோது உப்பில்லை என்று அழுதாய்.

இவ்வளவும் எழுதினது இதற்காகத்தான். தோல் வெட்டுகிற நாளில் அம்மா உப்புப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் அலுமாரிக்கு மேலே, அந்தப் பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் வைப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அன்றைக்கு அந்தப் போத்தலை இறக்கித் தரச் சொல்லி நான் உங்களைக் கேட்டால் தராதீர்கள். என் கையை நான் இன்னும் நம்பவில்லை.